தூக்கி எறிந்த பதினாறு பைட்

மார்ச் 4

சுண்டெலிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாருன்னு தெரிஞ்சிருக்கும். பதினாலு மாசமா பேசாதவன் இப்ப எதுக்குக் கடிதாசி எழுதறான்னு யோசிப்ப. என் போனை விசாரணைக்காரங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்க. உன் அண்ணி போனையும் சேர்த்து. இதைக் குவார்ட்டர்ஸ் வாசல் பெட்டியில போடாம, நடந்துபோய் தபால் ஆபீஸ்லயே குடுத்துட்டு வரப் போறேன். நீயும் போன் பண்ணாத. நிலையத்து நம்பருக்குப் பண்ணவே பண்ணாத.

விஷயம் இதுதான். போன மாசம் இருபதாம் தேதி பகல்ல ரேடியோ முன்னாடி நான்தான் உட்கார்ந்திருந்தேன். கடல்ல ஆபத்துன்னு எந்தப் படகு கூப்பிட்டாலும் கேட்டு மீட்புக்காரங்களுக்குச் சொல்றதுதான் என் வேலை. அன்னிக்கு ரெண்டு பேர் போன ஒரு சின்னப் படகு கவிழ்ந்துடுச்சு. ஒருத்தரை சாயந்திரம் வேற படகு தூக்கிட்டு வந்துச்சு. இன்னொருத்தர் ரெண்டு நாள் கழிச்சுக் கரை ஒதுங்கினார். செத்தவர்தான் ரேடியோவுல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம். பன்னெண்டே முக்கால்ல ஆரம்பிச்சு ஒரு மணி தாண்டி வரைக்கும். யாரும் பதில் சொல்லலன்னு பொழச்சவர் சொல்றார்.

எனக்கு ஒண்ணும் கேக்கல. இந்த வரியை எப்படியெல்லாமோ மாத்தி எழுதிப் பார்த்துட்டேன். வேற மாதிரி எழுத வரல.

ஆன்டெனாவுல வர்றதையெல்லாம் தனியா ஒரு பெட்டி பதிஞ்சுக்கிட்டே இருக்கும், நான் கேட்டாலும் கேக்காட்டியும். அந்தப் பதிவை நேத்து விசாரணையில போட்டுக் காட்டினாங்க. குரல் செவுத்துல முட்டித் திரும்புது. பக்கத்து ரூம்ல டைப் அடிக்கிறவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு சத்தமா வந்தது காதுல விழலன்னா நீ சீட்டுலயே இல்லன்னு சொல்றாங்க. வேலை நேரத்துல இடத்தை விட்டுப் போனதால ஒரு உயிர் போச்சுன்னு எழுதிட்டா, வேலை போறதோட நிக்காது. உள்ள தள்ளிடுவாங்க. உன் அண்ணிக்கு இது ஏழாம் மாசம்.

அந்தப் பெட்டி பதியற டிஸ்கெல்லாம் உன் ஆபீசுக்குத்தானே வருது. கடைசியா பார்த்தப்ப, ஒரு டப்பாவுல இருக்கறதை இன்னொரு டப்பாவுல கொட்டற வேலைக்கு இவ்வளவு பெருமையான்னு உன்னைக் கேட்டேன். நீ சாப்பிட்ட தட்டை அப்படியே வெச்சுட்டுக் கிளம்பிப் போன. அன்னிக்குக் கேட்டதுக்கு இன்னிக்கு மன்னிப்புக் கேட்டுக் காரியம் சாதிக்கப் பாக்கறேன்னு நெனப்ப. ஆமா, அதேதான்.

சொல்லு. அப்படிக் கொட்டும்போது ஏதாவது சிந்துமா? இல்ல, கூடுமா?

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படித்தேன். முதல் பத்தி வரைக்கும் கோபம்தான் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

நீ கேட்பதற்கு முன் ஒன்றை நான் சொல்லிவிட வேண்டும். விசாரணைக்குப் போன பதிவு என் வழியாகத்தான் போனது. பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி, அவசரம் என்று சிவப்பு மையில் எழுதி வந்த டிஸ்க். உங்கள் நிலையம் என்று தெரியும். உன் நேரம் என்று தெரியாது. நீங்கள் அங்கே ஆறு பேர் இருக்கிறீர்கள், அதில் நீயாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டதுகூட இல்லை, அந்தக் கேள்வியையே கேட்டுக்கொள்ளவில்லை. 'சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

என் வேலையை நீ டப்பா மாற்றுவது என்று சொன்னதில் தப்பொன்றும் இல்லை. உங்கள் பெட்டி ஒவ்வொரு நொடியும் அலையை லட்சக்கணக்கான முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் ஒன்றரை பைட். இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டு அளவுகளை மூன்று பைட்டுக்குள் அடைத்து வைக்கிறது. பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் இரண்டு பருமனான ஆட்கள் உட்கார்ந்து நடு இடத்தை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வதுபோல. மற்றவர்களின் மென்பொருளுக்கு இப்படி நெருக்கி உட்கார்ந்தவர்களைப் படிக்கத் தெரியாது. என் நிரல் அவர்களைப் பிரித்து, ஆளுக்கு இரண்டு இருக்கை கொடுத்து உட்கார வைக்கிறது. அவ்வளவுதான். இரண்டு வருடங்களுக்கு முன் நான் தனியாக எழுதியது. அதற்குப் பின் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, நானும்தான்.

நடு பைட்டைத் தப்பாகப் பிரித்திருந்தால் எல்லாம் வெறும் இரைச்சலாகிவிடும், வார்த்தையே மிஞ்சாது. நான் மறுபடி போட்டுக் கேட்டேன். வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன. அவர் கத்தவில்லை, அண்ணா. 'தண்ணி ஏறுது, யாராவது கேக்கறீங்களா' என்று, கடைக்காரரிடம் விலை கேட்பதுபோல நிதானமாகக் கேட்கிறார். பதினோரு முறை. கடைசி முறை ஒன்று ஆறுக்கு. இந்தத் தடவை நான் ஏழாவதில் நிறுத்திவிட்டேன்.

நீ என் அண்ணன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. வீட்டு விஷயத்தை அலுவலகத்தில் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. இவ்வளவு நாள் அது வெறும் சுபாவம், இப்போது ஒளிவு. தெரிந்தால் என்னை அந்த டிஸ்குக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள்.

மூன்று விஷயம் எழுது. அந்த நேரத்தில் நீ எங்கே உட்கார்ந்திருந்தாய். ஒலிபெருக்கியா, காதில் மாட்டுவதா. ஸ்குவெல்ச் குமிழ் எந்த எண்ணில் இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணியைத் தனியாக விடாதே.

தங்கை


மார்ச் 13

சுண்டெலி,

கேட்டதுக்குப் பதில். என் சீட்டுலதான் இருந்தேன். ஒலிபெருக்கிதான். குமிழ் இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு, மூணுல. மணிக்கு ஒரு தடவை பதிவேட்டுல எழுதணும், எழுதியிருக்கேன்.

உனக்குத் தெரியாதது இல்ல, ஆனா எனக்கே ஒரு தடவை எழுதிப் பாக்கணும் போல இருக்கு. சும்மா இருக்கும்போது ரேடியோ உஸ்ஸுன்னு இரைஞ்சுக்கிட்டே இருக்கும். எட்டு மணி நேரம் அதைக் கேட்டா பைத்தியம் புடிக்கும். அதுக்குத்தான் அந்தக் குமிழ். அது ஒரு வாசக்கதவு மாதிரி. நாம வெக்கிற எண்ணைவிட பலமா ஏதாவது வந்தாத்தான் ஒலிபெருக்கி தெறக்கும், இல்லாட்டி மூடியே இருக்கும். எண்ணை ஏத்தினா கதவு கெட்டியாகும். மூணுக்கு மேல வெக்கக் கூடாதுன்னு பெட்டி மேலயே ஒட்டியிருக்கு. அவங்க போட்டுக் காட்டின சத்தத்துக்கு ஒம்போதுல வெச்சிருந்தாலும் கதவு பிச்சுக்கிட்டுத் தெறந்திருக்கும். தெறக்கல. சத்தியமாத் தெறக்கல.

அப்படின்னா என் காதுல கோளாறா, இல்ல மண்டையிலயா? காது டாக்டர்கிட்டப் போனேன். எல்லாம் நல்லாருக்காம். நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கியிருப்பேனோன்னு இருக்கு. உன் அண்ணி சோதிக்கிறா. நான் பாத்திரம் கழுவும்போது பின்னாடி வந்து ஸ்பூனைக் கீழ போடறா. திரும்பிப் பாத்தா, கை தவறிடுச்சுங்கறா. நாலு ஸ்பூன் ஆச்சு.

செத்தவரோட மனைவி விசாரணை நடக்கற கட்டடத்துல வெளி பெஞ்சுல வந்து உட்கார்ந்துக்கறாங்க. பெயின்ட் கடையில வேலை பாக்கறவங்களாம், கையெல்லாம் கறை. நேத்து நான் வெளிய வந்தப்ப எழுந்து நின்னாங்க. அடிப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க அங்க இருந்தீங்களான்னு ஒரு கேள்விதான் கேட்டாங்க. இருந்தேன்னேன். கொஞ்ச நேரம் மூஞ்சியையே பாத்துட்டு மறுபடி உட்கார்ந்துட்டாங்க.

பஸ்ல ரெண்டு குண்டு ஆளுங்க கதை உன் அண்ணிக்கு ரொம்பப் புடிச்சுது. இப்ப நடு சீட்டு அவளுக்கு மட்டுமே பத்தாதாம். சிரிச்சா. ரொம்ப நாளாச்சு.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

கண்டுபிடித்துவிட்டேன். 

'கூடுமா' என்று கேட்டாய். கூடும். கூட்டியது நான்.

உங்கள் பதிவுப் பெட்டி, வருகிற அலை பலவீனமாக இருந்தால் தானே பெருக்கிக்கொள்ளும். பலமாக இருந்தால் தானே குறைத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால்தான் எல்லாம் அந்த ஒன்றரை பைட்டுக்குள் அடங்கும். ஆனால் எவ்வளவு பெருக்கினேன் என்பதை அது ஒளிப்பதில்லை. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் பதினாறு பைட்டில் எழுதி வைக்கிறது. இன்ன நேரம், இத்தனை மடங்கு என்று. அந்த எண்ணால் வகுத்தால்தான் உண்மையான பலம் தெரியும்.

அந்தப் பதினாறு பைட்டையும் என் நிரல் தூக்கி எறிந்துவிடுகிறது.

ஏன் அப்படி எழுதினேன் என்று என் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. புதிய கோப்பு வகையில் அந்த எண்ணை வைக்க இடமில்லை. அப்படியே விட்டால் அது ஒலியோடு கலந்து நொடிக்கு ஒருமுறை 'டப்' என்று கேட்டது. கேட்பவர்கள் எரிச்சலடைந்தார்கள். 'தேவையற்ற பைட்டுகள் நீக்கப்பட்டன' என்று என் கையாலேயே எழுதி, கீழே ஒரு சின்னச் சிரிக்கும் முகமும் வரைந்திருக்கிறேன்.

வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அளவுகோலைக் கத்தரித்துவிட்டு, இதோ ஊர்கள் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள் என்று கொடுத்ததுபோல. கடலில் எங்கோ இருந்து வந்த குரலை உன் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது நான்தான். நீ பாத்திரம் கழுவும்போது அண்ணி ஸ்பூன் போட வேண்டியிருப்பது என்னால்.

இனி பயப்பட வேண்டிய விஷயம். மூல டிஸ்க் இன்னும் கீழ்த்தளத்து அலமாரியில் இருக்கிறது. ஆனால் நான் சரிபார்த்துக் கையெழுத்திட்ட முப்பதாவது நாள் அதை அழித்து மறுபடி நிலையங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லா டிஸ்குக்கும் அதே வழக்கம்தான். முப்பதாவது நாள் மார்ச் இருபத்தைந்து. அலமாரியின் சாவி எங்கள் மேலதிகாரி அம்மாவிடம். கேட்டால் ஏன் என்பார். எனக்குப் பொய் சொல்ல வராது, முகம் சிவந்துவிடும் என்று நீதான் சின்ன வயதில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாய்.

எப்படியாவது எடுப்பேன். உண்மையான பலம் தெரிந்தால் நீ வெளியே வந்துவிடுவாய்.

தங்கை


மார்ச் 20

சுண்டெலி,

உன் கடிதாசி இப்பத்தான் வந்துச்சு, உடனே எழுதறேன்.

நல்லா கண்டுபுடிச்ச. அன்னிக்கு டப்பான்னு சொன்ன வாயை எதால அடிச்சுக்கறதுன்னு தெரியல.

ஆனா ஒண்ணு. டிஸ்கை எடுக்கறேன்னு நீ மாட்டிக்காத. தேவையே இல்லன்னு தோணுது. சத்தம் கூடித் தெரியுது, உண்மையான அளவு எங்களுக்குத் தெரியாது, கோப்பு மாத்தினதுல போயிடுச்சுன்னு மட்டும் எழுதிக் குடுத்துடேன். அது போதும் இல்ல? தெரியாதுன்னா யாரையும் உள்ள வெக்க முடியாது. அளந்து வேற எதுக்குப் பாக்கணும். அழியறது அழியட்டும்.

உன் வேலையைக் காப்பாத்திக்கோ. அதுக்குத்தான் சொல்றேன்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாளே நான் எடுத்துவிட்டேன்.

வேறொரு டிஸ்கில் ஒரு பகுதி படிக்கவில்லை என்று சொல்லிச் சாவி வாங்கினேன். முகம் சிவந்ததா என்று தெரியாது, மேலதிகாரி அம்மா கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மதிய இடைவேளையில் உன்னுடைய அந்த ஒரு மணி நேரத்தை மட்டும், அடைத்தபடியே, பதினாறு பைட்டுகளோடு, என் சொந்த டிரைவில் நகல் எடுத்தேன். நகல் ஏறும் பட்டை பாதியில் நின்றபோது காரிடாரில் யாரோ சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காரிடார் கிடையாது.

அழிக்காமல் நிறுத்தி வைக்க ஒரு படிவம் இருக்கிறது. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். மூன்று முறை எடுத்துவிட்டு மூன்று முறையும் மடித்து வைத்துவிட்டேன். நாளைக் காலை டிஸ்க் அழிந்துவிடும். பிறகு அந்த ஒரு மணி நேரம் உண்மையான அளவோடு இருக்கும் ஒரே இடம் என் கைப்பை.

நேற்று முழுவதும் கணக்குப் போட்டேன். உங்கள் ரேடியோவின் கையேட்டில் எந்தக் குமிழ் எண்ணுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. பதினோரு அழைப்புகளும் ஏறக்குறைய ஒரே பலம். குமிழ் மூன்றில் இருந்தால் ஒலிபெருக்கி திறக்கும். நான்கிலும் திறக்கும், விட்டுவிட்டு. ஐந்தில் ஒருமுறைகூடத் திறக்காது.

நான் ஒன்பது தடவை சரிபார்த்தேன். அதற்குப் பிறகு உன்னுடைய இருபதாம் தேதிக் கடிதத்தைப் படித்தேன். அளந்து வேற எதுக்குப் பாக்கணும் என்று எழுதியிருக்கிறாய்.

ஒலிபெருக்கி திறக்கவில்லை என்று நீ சொல்வதை நம்புகிறேன். குமிழ் மூன்றில் இருந்தது என்று நீ சொல்வதையும் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து நம்ப முடியவில்லை, அண்ணா.

குமிழ் எங்கே இருந்தது?

தங்கை


மார்ச் 27

சுண்டெலி,

ரெண்டு நாளா இதை எழுதறேன். உன் அண்ணி தூங்கற சமயம் பாத்து எழுதி, அவ அசைஞ்சா மெத்தைக்கு அடியில வெச்சுடறேன். அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அஞ்சுல இருந்துச்சு.

படகுத்துறையில அன்னிக்குக் காலையில இருந்து வெல்டிங். ஒவ்வொரு பொறிக்கும் ஒலிபெருக்கி தெறந்து படார் படார்னு காதுல ஆணி அடிச்ச மாதிரி. ரெண்டு மணி நேரம் தாங்கினேன். தலை வலி. பன்னெண்டு பத்துக்கு அஞ்சுக்கு ஏத்தினேன். வெல்டிங்காரங்க பன்னெண்டரைக்குச் சாப்பிடப் போவாங்க, போனதும் எறக்கிடலாம்னு. போனாங்க. அமைதியாயிடுச்சு. ஜன்னல் வழியா துறை காலியாக் கெடந்துச்சு. டீயை ஊத்திக்கிட்டு, பொறக்கப் போற குழந்தைக்கு என்ன பேர் வெக்கலாம்னு ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டிருந்தேன். அந்த அமைதி எனக்குப் புடிச்சிருந்துச்சு. இதை யார்கிட்டச் சொல்றது. எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு வாய்விட்டே சொன்னேன்.

ஒண்ணே காலுக்கு ஞாபகம் வந்துச்சு. மூணுக்கு எறக்கினேன். ஒண்ணும் கேக்கல. எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சேன். கடைசியா அவர் கூப்பிட்டது ஒண்ணு ஆறுக்குன்னு நீ எழுதற. ஒம்போது நிமிஷம்.

ஒரு மணிப் பதிவையும் அப்பத்தான் எழுதினேன். மூணுன்னு.

விசாரணையில மொத நாளே கேட்டாங்க. மூணுன்னு வாய் தானா சொல்லிடுச்சு. அப்புறம் அந்தப் பெரிய சத்தத்தைப் போட்டாங்களா, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். அஞ்சுல இருந்தாலும் இது தெறந்திருக்கணும், அப்ப பெட்டிதான் கெட்டுப்போச்சு, என் மேல தப்பில்லன்னு. உன் தப்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அதனாலதான் அளக்காதன்னு எழுதினேன்.

இப்ப இதைக் கேக்கக் கூடாது. ரெண்டு தடவை எழுதி அடிச்சுட்டேன், அடிச்சது உனக்குத் தெரியும். டிஸ்க் அழிஞ்சாச்சு. இருக்கறது உன் கையில மட்டும்தான். மூணுலயும் தெறக்காதுன்னு வர்ற மாதிரி அந்த எண்ணைக் கொஞ்சம் கீழ எழுதினா, யாரும் சரிபார்க்க முடியாது. பெட்டி மேலயும் தப்பில்ல, என் மேலயும் இல்ல, உன் மேலயும் இல்ல. தூரம் அதிகம், அலை வரல. அவ்வளவுதான். செத்தவர் திரும்பி வரப்போறதில்ல.

எழுதிட்டேன். கிழிச்சுப் போட்டாலும் மறுபடி இதையேதான் எழுதுவேன். எனக்குப் பயமா இருக்கு. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, சின்னப் புள்ளையில இருட்டுக்குப் பயந்தது நான்தான், நீ இல்ல.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

எனக்கும் பயம்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மேலே எழுதப்போவதெல்லாம் தைரியசாலியின் பேச்சு என்று நீ நினைத்துவிடக் கூடாது.

நீ கேட்டதை நான் செய்து பார்த்தேன். ஆமாம். சனிக்கிழமை, வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒவ்வொரு பதினாறிலும் ஒரே ஒரு பைட்டை மாற்றினால் போதும். மாற்றி, ஓட விட்டேன். நீ சொன்னபடியே வந்தது. மூன்றிலும் திறக்காது. மிகவும் சுத்தமாக, மிகவும் நம்பும்படியாக இருந்தது. ஐந்து நிமிடம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வீட்டில் இருக்கிறாய், அண்ணி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது, எல்லாம் அதில் தெரிந்தது.

அப்புறம், எதற்கோ, என் பழைய பட்டியலைத் திறந்தேன். இந்த இரண்டு வருடத்தில் நான் கொட்டி மாற்றிய டிஸ்குகள் முந்நூற்று நாற்பது. அவற்றில் நான்கு விசாரணைக்குப் போனவை. ஒன்று தெற்கு நிலையத்துப் பெண் ஒருவருடையது. ஒன்றரை வருடத்துக்கு முன். உனக்கு நினைவிருக்கும், சீட்டில் இல்லாமல் போனார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். நீங்களே அவரைப் பற்றிக் கேலி பேசியதாக ஒருமுறை சொன்னாய். குரல் அவ்வளவு சத்தமாக இருந்தது, காது கேட்காதவளுக்குக்கூடக் கேட்டிருக்கும் என்று. அந்தச் சத்தத்தைச் செய்ததும் நான்தான். அவருடைய குமிழ் மூன்றில் இருந்ததா, ஏழில் இருந்ததா, அந்த அலை உண்மையில் வந்ததா, எதுவும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த டிஸ்க் எப்போதோ அழிந்து வேறு யாருடைய மதியத்தையோ பதிந்துகொண்டிருக்கிறது. அவர் இப்போது என்ன செய்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

தெரியாமல் ஒரு எண்ணை எறிந்ததற்கே இது. தெரிந்தே ஒன்றை மாற்றினால் அதற்குப் பிறகு நான் எதை அளந்தாலும் என் கையை நானே நம்பமாட்டேன். திரையில் தெரிந்த அந்த வீட்டை அழித்துவிட்டேன். அழிக்கும்போது அழுதேன், அதையும் சொல்கிறேன்.

இன்று காலை மேலதிகாரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ யார் என்பது, சாவிக்குச் சொன்ன பொய், நகல், பதினாறு பைட், தெற்கு நிலையம். அவர் கேட்டு முடித்தார். பிறகு, 'அண்ணன்னு முதல்லயே சொல்லியிருந்தா டிஸ்கை நானே பூட்டி வெச்சிருப்பேனே' என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் அறிக்கை ஏப்ரல் மூன்று, வெள்ளிக்கிழமை போகிறது. உண்மையான எண்ணோடு. நீ சீட்டில் இல்லை என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இருக்காது. குமிழைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன், அது நான் அளந்ததில்லை. ஆனால் அட்டவணையைப் பார்க்கிற யாருக்கும் கேட்கத் தோன்றும். அவர்கள் கேட்பதற்கு முன் நீயாகப் போய்ச் சொல். வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்கும் முன்னால் அண்ணியிடம் சொல்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தை வேறொரு வடிவத்துக்கு மாற்றினேன், இந்தத் தடவை எதையும் எறியாமல். சோதனைக் கருவி வழியாக உங்கள் ரேடியோவின் ஆன்டெனா வாயிலேயே அதை விடலாம். அன்று எவ்வளவு பலத்தில் வந்ததோ அதே பலத்தில் வரும். என் எண்ணை நம்ப வேண்டாம், அவர்களே கேட்டுப் பார்க்கட்டும்.

எனக்கு வேலை இருக்குமா தெரியாது. நீ என்னை மன்னிப்பாயா என்றும் தெரியாது. இரண்டாவதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 5

சுண்டெலி,

உன் கடிதாசி புதன்கிழமை வந்துச்சு. மொதல்ல படிச்சப்போ உன்னை என்னென்னவோ திட்டினேன். எழுதமாட்டேன். ரெண்டாவது தடவை படிக்கும்போது உன் அண்ணி பின்னாடி நின்னு படிச்சுக்கிட்டிருந்தா. நான் கவனிக்கல. காது நல்லாருக்குன்னு சொன்ன டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். அவ என் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பிச்சா. நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்னு மட்டும் கேட்டா.

வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். வெல்டிங், அஞ்சு, ஒண்ணே கால், பதிவேட்டுல எழுதின மூணு, எல்லாம். விசாரணை அதிகாரி எழுதிக்கிட்டே இருந்தார், தலையைத் தூக்கல. முடிச்சதும், இதை ஏன் மொத நாளே சொல்லலன்னு கேட்டார். பயம்னேன். அதையும் எழுதிக்கிட்டார்.

நேத்து உன் கோப்பைப் போட்டாங்க. நிலையத்துலயே, அதே ரூம்ல, அதே ரேடியோவுல. ஆன்டெனாவைக் கழட்டிட்டு சோதனைக் கருவியை மாட்டினாங்க. என்னை அதே சீட்டுல உட்காரச் சொன்னாங்க. விசாரணைக்காரங்க மூணு பேர், எங்க தலைமை அதிகாரி, பொழச்சவர், செத்தவரோட மனைவி. மொதல்ல குமிழை அஞ்சுல வெச்சு ஓட விட்டாங்க.

இருபத்தோரு நிமிஷம். ஒண்ணும் கேக்கல. ஒரு டிக்குகூட இல்ல. நான் சொன்னது பொய்யில்லன்னு நிரூபணம் ஆகுது, ஆனா எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு. கருவியில ஒரு பச்சை விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையுது, பதிவுல செத்தவர் பேசும்போதெல்லாம். எல்லாரும் அந்த விளக்கையே பாத்துக்கிட்டிருந்தோம். பதினோரு தடவை எரிஞ்சுது. அந்தம்மா எண்ணினாங்க, உதடு அசைஞ்சுது.

அப்புறம் மூணுல வெச்சு மறுபடி ஆரம்பத்துல இருந்து போட்டாங்க.

ஒலிபெருக்கி தெறந்துச்சு. செவுத்துல முட்டற சத்தம் இல்ல சுண்டெலி. சன்னமா, உஸ்ஸுங்கற இரைச்சலுக்கு நடுவுல, மழையில யாரோ தெரு முனையில நின்னு கூப்பிடற மாதிரி. ஆனா ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. 'தண்ணி ஏறுது, யாராவது கேக்கறீங்களா.'

என் கை மைக்கை எடுத்துடுச்சு. பதினோரு வருஷப் பழக்கம், நான் யோசிக்கவே இல்ல. பொத்தானை அமுக்கி, 'கேக்குது, சொல்லுங்க, எங்க இருக்கீங்க'ன்னு கேட்டுட்டேன்.

 விசாரணை அதிகாரி மெதுவா வந்து என் விரலைப் பொத்தான் மேல இருந்து எடுத்து விட்டார்.

ஒலிபெருக்கியில அவர் ரெண்டாவது தடவை கூப்பிட ஆரம்பிச்சார்.

அண்ணன்